ஐம்பது ரகக் கேசட்

அக்காவுக்குப் பழைய வீடியோ கேம் கேசட் சேர்க்கும் பைத்தியம் உண்டு. நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு நகைப் பைத்தியம் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கேசட் பைத்தியம் என்றால் மட்டும் மேலும் கீழும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஊரார் ஃபிரேமுக்கெல்லாம் லென்ஸின் ஓரம் இழைத்துக் கொடுக்கிறவள் அவள். ஆறு மணிக்கு மேல் அவள் என்ன செய்தால் யாருக்கு என்ன? அவளைவிட எட்டு வயது மூத்த கடை முதலாளிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஓரிரு முறை முறைத்துப் பார்த்தாள், மனுஷன் திருந்தவில்லை. ஆகவே நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

அக்கா ஒன்றும் ஊதாரி இல்லை. இந்தக் கேசட் உலகத்தில் எங்கே கை வைத்தால் சுடாது என்று நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். அதைக் கற்றுக்கொண்டது எலக்ட்ரானிக்ஸ் வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில், லிஃப்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு கடையில். கடை வாசலில் பெரிய எழுத்தில் 'ஊதாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கும். அந்தக் காலத்தில் கேசட் ஓடவில்லை என்றால் வெளியே இழுத்து, அடிப்பக்கத்தில் ஃபூ என்று ஊதி, மறுபடி சொருகாத பிள்ளை உண்டா? அந்த எச்சில் பட்டுத்தான் உள்ளே இருக்கும் தகடெல்லாம் பச்சை பிடித்துப்போனது என்பது கடைக்காரரின் தீராத ஆற்றாமை. வருகிறவர்கள் அவருக்கு 'ஊதாதே அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊதாதே அண்ணன் சொன்ன கணக்கு இதுதான். அன்றைய டிவிகளில் இரண்டு ஜாதி. சில நாடுகளில் வினாடிக்கு அறுபது முறை படம் மாறும், சில நாடுகளில் ஐம்பது முறை. விளையாட்டுகளைச் செய்தவர்கள் அறுபதுக்கென்று செய்தார்கள். ஐம்பது நாடுகளுக்கு அனுப்பும்போது பலர் அதைச் சரிப்படுத்தக்கூட மெனக்கெடவில்லை, அப்படியே அனுப்பிவிட்டார்கள். அதனால் ஐம்பது ரகத்தில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஓட்டமும் மெது, குதிப்பும் மெது, பாட்டும் மெது. சேகரிப்பவர்கள் அறுபது ரகத்துக்கு அடித்துக்கொள்வார்கள், அதன் விலை யானை விலை. ஐம்பது ரகத்தைச் சீண்டுவாரில்லை, அது கொள்ளை மலிவு.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஐம்பதுக்குப் போனாள். அட்டைப்பெட்டி வேண்டாம், விளக்கப் புத்தகம் வேண்டாம், மேலே ஒட்டிய படம் கிழிந்திருந்தால் இன்னும் நல்லது, அதற்கும் விலை குறையும். ஆறு வருஷத்தில் முப்பத்தெட்டு கேசட். எல்லாம் துணி வைக்கிற அலமாரியின் கீழ்த்தட்டில், போர்வைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். அறுபதுக்காரர்கள் இவளை ஏளனமாகப் பார்த்தால், "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லைங்க" என்பாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு தாழ்வு இருந்தது. அறுபதுதான் அசல், தன்னிடம் இருப்பது ஏழைக்குக் கிடைத்த நகல் என்ற எண்ணம். அறுபதை அவள் ஒருநாளும் ஆடிப் பார்த்ததில்லை.

இப்போது தம்பிக்கு வருவோம். தம்பிக்கு நாற்பது வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். ஐந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரண்டு லீவரை அசைத்து, வீடு மாதிரி இருக்கிற கன்டெய்னரைக் கப்பலிலிருந்து தூக்கி லாரி மேல் பூப்போல வைப்பான். பதினாறு வருஷமாக அந்த உயரத்திலிருந்து அவனுக்கு ஒரு கீறல் கிடையாது. விழுந்தது எங்கே என்றால், தன் வீட்டுக் குளியலறையில், சோப்புத் தண்ணீரில். வலது மணிக்கட்டு இரண்டாக உடைந்தது. தகடு வைத்தார்கள், திருகு போட்டார்கள், மூன்று மாதம் ஆயிற்று. எலும்பு சேர்ந்துவிட்டது, தாராளமாக வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் வினை. ஒரு புதன்கிழமை தம்பி மனைவி அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நேத்து அவரைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டச் சொன்னாங்களாம். புதுசா வந்திருக்கிற கிரேன்ல ஏத்தி விட்டிருக்காங்க. பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடி, லாரி மேல தொம்முனு உக்காந்துடுச்சாம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா இவரு அப்படியே எறங்கி வீட்டுக்கு வந்துட்டாரு."

"இப்ப எங்க இருக்கான்?"

"வீட்டுலதான். கை லேட்டா வருது, இது என் கையே இல்லங்கறாரு. கேட்ல சீட்டு குடுக்கிற வேலைக்கு மாத்திக் குடுங்கன்னு லெட்டர் எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்காரு. திங்கக்கிழமை குடுக்கப் போறாராம். குடுத்துட்டா அவ்வளவுதான், திரும்ப மேல ஏத்த மாட்டாங்க. நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. நீங்க வந்து பேசுங்க."

வருகிறேன் என்று அக்கா போனை வைத்தாள். தம்பியிடம் பேசி ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலேயே அவன் வாய்ச்சொல்லுக்கு மசிந்தவன் இல்லை. அவனுக்குக் கையில்தான் எதையும் காட்ட வேண்டும்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அந்தத் தவளை ஞாபகம் வந்தது. தபால்காரத் தவளை. தோளில் பையை மாட்டிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவி, ஜன்னல் ஜன்னலாகக் கடிதம் போடும். அவளுக்குப் பதினொன்று, அவனுக்கு எட்டு. அப்பா டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலம். யாரோ கடையைக் காலி செய்யும்போது மலிவாகக் கிடைத்தது என்று கேசட் சொருகும் விளையாட்டுப் பெட்டியையும் அந்த ஒரே ஒரு கேசட்டையும் வாங்கி வந்தார். ஒன்றே ஒன்று. வேறு கேசட் வாங்கித் தரச் சொன்னால், "இதை முடிச்சுட்டீங்களா?" என்பார். முடிக்கவில்லை என்பதால் பேச வாயில்லை.

அம்மா அலாரம் கடிகாரத்தில் அரை மணி நேரம் வைத்து டிவி மேல் வைப்பாள். மணி அடித்ததும் ஆட்டம் பாதியில் இருந்தாலும் அணைத்துவிடுவாள். இரக்கமே கிடையாது. தவளையின் பாட்டு மட்டும் அணையாது. சாப்பிடும்போது தம்பி தட்டில் அதைத் தாளம் போடுவான், இவள் வாய்க்குள் முனகுவாள். ஏழாவது பாலம் என்று ஓர் இடம் உண்டு. ஆற்றின் மேல் மூன்று பலகைகள் முன்னும் பின்னும் நகரும். பாட்டின் தாளத்தோடு குதித்தால்தான் கால் பலகையில் படும். அக்காவுக்கு அது ஒருநாளும் கைவரவில்லை. எட்டு வயதுத் தம்பியோ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பாட்டை மட்டும் கேட்டுத் தாண்டிக் காட்டுவான். அந்தத் திமிரைத் தாங்க முடியாமல் அவள் அவன் தலையில் குட்டியதும் உண்டு. பின்னால் வீடு மாறியபோது அம்மா அதையெல்லாம் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள். யாருக்கு என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

அந்த எட்டு வயதுக் கை தாண்டியதை, உடைந்து சேர்ந்த இந்தக் கையும் தாண்டிவிட்டால் போதும், தம்பி தானாகவே கடிதத்தைக் கிழித்துப் போடுவான். இதுதான் அக்காவின் கணக்கு. வெள்ளிக்கிழமை கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி ஊதாதே அண்ணனிடம் போய் நின்றாள். தவளை இரண்டு ரகத்திலும் இருந்தது. ஐம்பது, அழுக்கான கேசட், கூட ஒரு பழைய பெட்டி. அறுபது, பளபளவென்று, அதற்கான பெட்டியோடு, விலை ஆறு மடங்கு.

அக்கா ஐம்பதைக் கையில் எடுத்தாள். எடுத்ததைக் கீழே வைத்தாள். தனக்கென்றால் சரி. தம்பிக்கு, அதுவும் இப்படி ஒரு நேரத்தில், கழித்துக் கட்டிய சரக்கையா கொண்டு போவது? மனசு கேட்கவில்லை.

"அறுபதையே குடுங்கண்ணா."

"அக்கா, ஒரு விஷயம் சொல்லிடறேன்..."

"விலையைப் பத்தி மட்டும் பேசாதீங்க. என் தம்பிக்கு. கட்டிக் குடுங்க."

ஊதாதே அண்ணன் வாயை மூடிக்கொண்டு கட்டிக் கொடுத்தார். ஆறு வருஷம் சிக்கனமாக இருந்தவள் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்துவிட்டு, அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

சனிக்கிழமை தம்பி வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது என்னவோ உண்மை. "அடிப்பாவி, இதை எங்கடி புடிச்சே" என்று அக்கா என்பதையே மறந்து சிரித்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தவளை வந்தது, பாட்டு வந்தது. பாட்டைக் கேட்டதும் அக்காவுக்கு ஏதோ போல் இருந்தது. கொஞ்சம் அவசரப்படுகிற மாதிரி. வயதாகிவிட்டது, காதுதான் சரியில்லை என்று விட்டுவிட்டாள்.

முதல் ஆறு பாலங்களைத் தட்டுத் தடுமாறித் தாண்டினான். ஏழாவதில் விழுந்தான். மறுபடி விழுந்தான். அக்கா முதலில் சிரித்தாள், ஐந்தாவது தடவை சிரிப்பை நிறுத்தினாள், பத்தாவது தடவை ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. இவன் பொத்தானை அழுத்துவதற்குள் பலகை போய்விட்டிருக்கும்.

பத்தொன்பதாவது தடவையோடு தம்பி ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்தான். தூக்கி எறிந்திருந்தால்கூட அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பாத்துட்டியா? அங்கயும் இப்படித்தான். நான் லீவரை இழுக்கறதுக்குள்ள பெட்டி போயிடுது. எட்டு வயசுல செஞ்சதை இந்தக் கையால செய்ய முடியல. இதை நம்பி கீழ நாலு பேரு நிக்கணுமாக்கா?"

ஃபிரிட்ஜ் மேல் கடிதம் இருந்தது. அதில் நேற்றுவரை கையெழுத்து இல்லை என்று தம்பி மனைவி சொல்லியிருந்தாள். இவன் எழுந்து போய், எல்லோர் கண்ணெதிரிலும் கையெழுத்துப் போட்டான். நல்லது செய்கிறேன் என்று போய் குழியை இன்னும் ஆழமாகத் தோண்டிவிட்டு வந்தாள் அக்கா. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள்.

ஞாயிறு காலை கடை திறந்ததும் திறக்காததுமாக ஊதாதே அண்ணன் முன்னால் போய் நின்றாள். கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டும், அவர் கிடைத்தார்.

"என்ன கேசட்டுங்க குடுத்தீங்க? என் தம்பி ஒரு பாலத்தைத் தாண்ட முடியாம, வேலையே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டான்."

அவர் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒரு கேசட்டின் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "சின்ன வயசுல நீங்க எங்க ஆடினீங்க?"

"எங்க வீட்டுலதான். இதே ஊர்லதான்."

"இங்க அப்ப வந்ததெல்லாம் ஐம்பதுதானே அக்கா. நீங்க ரெண்டு பேரும் ஆடினது ஐம்பது. இப்ப வாங்கிட்டுப் போனது அறுபது. அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். வாயைத் திறக்க விட்டீங்களா?"

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் இரண்டு டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்து, தன்னிடமிருந்த இன்னொரு அறுபதையும் அந்த ஐம்பதையும் போட்டு, ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்தார். அறுபதில் மூன்றாவது கூரை வரைதான் போக முடிந்தது. அவள் தூக்கத்தில்கூடத் தாண்டுகிற கூரை அது. ஒன்பது தடவை விழுந்தாள். ஐம்பதுக்கு மாறினாள். பாட்டு வந்தது. அவசரப்படாத பாட்டு, அந்தப் பழைய வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் தம்பி தட்டிய அதே தாளம். கண்ணீரில் திரை சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் விரல் தன் போக்கில் அழுத்தியது, தவளை மூன்றாவது கூரையைத் தாண்டி நின்றது.

ஆறு வருஷமாக மட்டம் என்று நினைத்திருந்ததுதான் அவர்களுடைய அசல். அவள் அந்த ஐம்பதையும் பெட்டியையும் வாரிக்கொண்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடினாள்.

தம்பி கதவைத் திறந்தான். அவள் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "போதும்க்கா" என்றான். "நான் மனசு ஒடஞ்சிட்டேன்னு ஈஸியா ஒண்ணு தேடிக் கொண்டாந்திருக்கே. மெதுவா ஓடுறதுல நான் ஜெயிச்சா அது ஜெயிப்பா?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அக்கா வாதாடவில்லை. அறுபதைப் போட்டு, தானே உட்கார்ந்தாள். மூன்றாவது கூரையில் விழுந்தாள். விழுந்துகொண்டே இருந்தாள். தம்பி முதலில் ஓரக்கண்ணால் பார்த்தான், பிறகு சோபாவின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தான்.

"மூணாவது கூரையிலயா விழறே? நீ அதைக் கண்ணை மூடிட்டுத் தாண்டுவியே."

"என் கை ஒடையலடா. எத்தனையோ வருஷமா நூல் அளவு பிசகாம லென்ஸ் இழைக்கிற கை இது. இப்ப சொல்லு, என் கைக்கு என்ன கேடு?"

அவளே டிவிக் கம்பியைப் பிடுங்கி ஐம்பதுக்கு மாற்றினாள். பாட்டு தொடங்கியதும் தம்பியின் தலை லேசாக ஆடத் தொடங்கியது. அது அவனுக்குத் தெரியாது. மூன்றாவது கூரையை அக்கா தாண்டியதும் தரையில் இறங்கி உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்குக்குக் கை நீட்டினான்.

ஏழாவது பாலத்தில் முதல் தடவை விழுந்தான். இரண்டாவது தடவை விளிம்புவரை வந்து விழுந்தான். மூன்றாவது தடவை மூன்று பலகையிலும் கால் பட்டு, தவளை அக்கரையில் போய் நின்றது. தம்பி வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் அழுது அக்கா பார்த்தது அப்பா போன அன்றைக்குத்தான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வெகு நேரம் கழித்து அவன் தலையைத் தூக்கினான். "அக்கா. அன்னைக்கு என்னை ஏத்தினது புது கிரேன்."

"ஆமா, சொன்னாங்க."

"லீவரைத் தொட்டாலே ஓடும் அது. பழசு மாதிரி இழுக்க வேண்டியதில்ல. எல்லாரும் அதுலதானே ஓட்டறாங்க, எனக்கு மட்டும் வரலன்னா கைதான் காரணம்னு நெனச்சேன்."

"எல்லாரும் எத்தனை நாள் பழகினாங்க?"

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி சொன்னாள். "ரெண்டு வாரம். நீங்கதானே சொன்னீங்க. நீங்க கட்டுப் போட்டுட்டுப் படுத்திருந்தப்ப எல்லாருக்கும் கிளாஸ் எடுத்தாங்கன்னு."

ஞாயிற்றுக்கிழமை என்று துறைமுகம் தூங்காது. தம்பி போனை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் போய் சூப்பர்வைசரிடம் பேசினான். பேசினான் என்பதைவிடக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று சொல்ல வேண்டும். நடுவில் அந்தக் கடிதத்தைப் பிய்த்தெடுத்து, அதன் பின்பக்கத்தில் ஏதோ தேதியைக் குறித்துக்கொண்டான். பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னடா சொன்னாரு?"

"திட்டினாரு."

"என்னன்னு?"

"'ரெண்டு வாரம் பழகக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல, கையையே பாத்துட்டு எறங்கிப் போனா நான் என்னத்தக் கண்டேன்'னு திட்டினாரு. நாளைலேர்ந்து வரச் சொல்லிட்டாரு."

அக்கா அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். இனி தாராளமாக ஒரு டீ குடிக்கலாம் என்று நினைத்தாள். தம்பி மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்து, மணிக்கட்டை இரண்டு முறை சுழற்றினான்.

"அக்கா, அந்த அறுபதைப் போடு."

"அதுதான் ரெண்டு பேருக்கும் ஓடலியேடா."

"பழகினாத்தானே ஓடும்."

அவள் எழுந்து கம்பியை மாற்றிச் சொருகினாள். அவசரக்காரப் பாட்டு தொடங்கியது. தவளை முதல் பாலத்திலேயே ஆற்றில் விழுந்தது. தம்பி மறுபடி பொத்தானை அழுத்தினான்.